கஞ்சாப் பூவைக் காய வைப்பதும் பக்குவப்படுத்துவதும்: ஈரத்தின் கணக்கு

தென் ஒன்ராறியோவில் வீட்டுத் தோட்டத்தில் வளர்த்த கஞ்சாச் செடி அறுவடைக்கு வருவது பெரும்பாலும் செப்டம்பர் கடைசியில், இல்லையென்றால் அக்டோபர் முதல் பாதியில். உறைபனி விழுவதற்குள் வெட்டியாக வேண்டும். மே மாதத்திலிருந்து தண்ணீர் ஊற்றி, புழு பொறுக்கி, காற்றில் சாயாமல் கட்டிவைத்துக் காப்பாற்றிய செடி அது. வெட்டியதும் வேலை முடிந்துவிட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அடுத்து வரும் நான்கைந்து வாரங்களில்தான் அந்த ஐந்து மாத உழைப்பு தேறுமா, வீணாகுமா என்பது தெரியும். ஒன்று, மணமெல்லாம் போய் வைக்கோல் வாசம் அடிக்கும். அல்லது ஜாடியைத் திறந்தால் பூசணம் முகத்தில் அடிக்கும். இரண்டும் எதிரெதிரான கேடுகள் போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான்: பூவிலிருந்து ஈரம் எந்த வேகத்தில் வெளியேறுகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்பது. அதைப் புரிந்துகொண்டால் மற்ற உத்திகள் எல்லாம் தானாகவே விளங்கும்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் வயதுவந்தவர்கள் வீட்டில் கஞ்சா வளர்க்கலாம். ஒரு வீட்டுக்கு நான்கு செடி. வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் நான்குதான். ஒன்ராறியோவில் வயது வரம்பு 19. கியூபெக் மாகாணம் வீட்டில் வளர்ப்பதைத் தடை செய்திருக்கிறது. அந்தத் தடை செல்லும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2023ல் தீர்ப்பளித்தது. வாடகை வீடு, காண்டோ என்றால் ஒப்பந்தத்தில் வேறு தடை இருக்கலாம், படித்துப் பாருங்கள். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் ஆளுக்கு மூன்று செடி வரை அனுமதி. இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டில் வளர்ப்பது குற்றம், தண்டனை கடுமையானது. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் அனுமதி உள்ள இடத்தில் இருப்பவர்களுக்கு.

சரி, ஈரத்துக்கு வருவோம்.

அப்போதுதான் வெட்டிய பூவின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் தண்ணீர். 100 கிராம் பச்சைப் பூவில் 78 கிராம் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 22 கிராம்தான் உண்மையான பொருள். இதை எலும்பாகக் காய வைப்பது நோக்கமல்ல. பத்துப் பன்னிரண்டு சதவீத ஈரம் உள்ளே தங்க வேண்டும். அப்படிக் கணக்குப் போட்டால் 100 கிராம் பச்சைப் பூ கடைசியில் ஏறக்குறைய 25 கிராமாக நிற்கும். முதல் முறை வளர்ப்பவர்கள் இந்தக் கணக்குத் தெரியாமல், 'இவ்வளவு குறைந்துவிட்டதே' என்று பதறிப்போய், காய்வதற்கு முன்பே எடுத்து அடைத்துவிடுவதுண்டு.

எடையைவிட முக்கியமான அளவு இன்னொன்று இருக்கிறது. பூவுக்குள் இருக்கும் தண்ணீர் எல்லாம் ஒரே மாதிரியானதல்ல. கொஞ்சம் தண்ணீர் நார்ச்சத்தோடும் சர்க்கரையோடும் இறுக ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பூஞ்சையால் உறிஞ்ச முடியாது. மிச்சம் தளர்வாக இருக்கும். பூஞ்சை குடித்து வளர்வது அதைத்தான். அந்தத் தளர்ந்த நீர் எவ்வளவு என்பதைச் சொல்லும் அளவைத்தான் உணவுத் துறையில் நீர்ச் செயல்பாடு என்கிறார்கள். தூய நீருக்கு அது 1. காய்ந்த கஞ்சாப் பூவுக்கு 0.55 முதல் 0.65 வரை இருக்கலாம் என்று ஏஎஸ்டிஎம் என்ற தரநிர்ணய அமைப்பு வரையறுத்திருக்கிறது. 0.65க்கு மேல் போனால் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். 0.55க்குக் கீழே போனால் பூ நொறுங்கும், மணம் பறந்துவிடும்.

இதை அளக்க ஆய்வகக் கருவி வேண்டுமே என்று யோசிக்க வேண்டாம். பூவை இறுக மூடிய ஜாடிக்குள் வைத்தால், பூவிலுள்ள தளர்ந்த நீரும் ஜாடிக்குள் இருக்கும் காற்றின் ஈரமும் சில மணி நேரத்தில் சமநிலைக்கு வந்துவிடும். அப்போது அந்தக் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதம் என்று ஹைக்ரோமீட்டர் காட்டினால், பூவின் நீர்ச் செயல்பாடு 0.60. சில டாலருக்குக் கிடைக்கும் அந்தச் சின்ன டிஜிட்டல் மீட்டரே போதும். தரமாகப் பக்குவப்படுத்த என்ன வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். விலையுயர்ந்த பெட்டிகள், தானியங்கி இயந்திரங்கள் எல்லாம் அப்புறம்.

இனி வேகம். ஏன் அவசரப்படக் கூடாது?

கஞ்சாப் பூவின் மணம் டெர்பீன் என்ற ஆவியாகும் எண்ணெய்களிலிருந்து வருகிறது. மிர்சீன், லிமோனீன், பைனீன் போன்ற இலேசானவை முதலில் பறக்கும். கேரியோஃபிலீன், ஹியூமுலீன் போன்ற கனமானவை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். எலுமிச்சை, மாங்காய், பைன் மர வாசனை தருபவை எல்லாம் பெரும்பாலும் முதல் வகை. 1996ல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பச்சைப் பூவையும் காய்ந்த பூவையும் ஒப்பிட்டபோது, ஒரு வாரம் அறை வெப்பத்தில் காய வைத்ததிலேயே எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது. அதாவது, எவ்வளவு கவனமாகச் செய்தாலும் கொஞ்சம் இழப்பு உண்டு. அந்த இழப்பைக் கூட்டாமல் இருப்பதுதான் நம் கையில் இருக்கிறது. சூடு கூடக்கூட இலேசான எண்ணெய்கள் வேகமாகப் பறக்கும். ஓவன், மைக்ரோவேவ், வெயில் மூன்றும் வேண்டாம் என்பது இதனால்தான்.

வேகமாகக் காய்ந்தால் வேறொரு கேடும் உண்டு. வெட்டிய செடி உடனே செத்துப்போவதில்லை. சில நாட்கள் அதன் செல்கள் சுவாசித்துக்கொண்டு, சேர்த்து வைத்த சர்க்கரையைச் செலவழித்துக்கொண்டிருக்கும். பச்சையமும் மெல்லச் சிதையும். அதற்கு நேரம் கொடுக்காமல் இரண்டே நாளில் காய வைத்தால் பச்சை வாசம் அப்படியே உள்ளே பூட்டிக்கொள்ளும். தொண்டையில் காரலும் கூடும். அதோடு, கடும் வெயிலில் ஒரே நாளில் காய்ந்த வடகம் போல மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே ஈரமாகவும் பூ நின்றுவிடும். தொட்டால் காய்ந்தது போலத் தோன்றும். நம்பி ஜாடியில் அடைத்தால் உள் ஈரம் மெல்ல வெளியே வந்து மறுபடியும் நனைத்துவிடும். பூசணத்துக்கு அதைவிடச் சௌகரியம் வேறில்லை.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? வளர்ப்பவர்கள் மத்தியில் 'அறுபதுக்கு அறுபது' என்று ஒரு பேச்சு இருக்கிறது. அறுபது டிகிரி ஃபாரன்ஹீட், அறுபது சதவீத ஈரப்பதம். செல்சியஸில் பதினைந்து, பதினாறு டிகிரி. எல்லா வீட்டிலும் அவ்வளவு குளிர் கிடைக்காது. 15க்கும் 21க்கும் இடையில் வைத்துக்கொண்டால் போதும். ஈரப்பதம் 55 முதல் 60 வரை. இந்த நிலையில் பூ காய ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் பிடிக்கும். நான்கு நாளில் காய்ந்துவிட்டால் அறை வறட்சி. இரண்டு வாரம் தாண்டியும் தண்டு வளைந்துகொண்டே இருந்தால் அறையில் ஈரம் அதிகம்.

இங்கேதான் நம் ஊர் இலையுதிர்காலம் விளையாடும். செப்டம்பரில் பேஸ்மென்ட் ஈரமாக இருக்கும். 65, 70 சதவீதம் சர்வசாதாரணம். டீஹியூமிடிஃபையர் ஓட வேண்டும், அதுவும் பூவிலிருந்து தள்ளி, ஏனென்றால் அது வெப்பக் காற்றைக் கக்கும். அக்டோபரில் ஃபர்னஸ் போட ஆரம்பித்ததும் நிலைமை தலைகீழாகிவிடும். வெளியே 5 டிகிரி குளிர், 80 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்று வீட்டுக்குள் வந்து 21 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 28 சதவீதத்துக்கு விழுந்துவிடும். தண்ணீரின் அளவு மாறவில்லை. சூடான காற்றுக்கு நீராவியைத் தாங்கும் இடம் கூடிவிட்டது, அவ்வளவுதான். அந்த வறட்சியில் பூவைத் தொங்கவிட்டால் மூன்று நாளில் சருகாகிவிடும். ஆகவே ஃபர்னஸின் காற்றுத் துளை இருக்கும் அறையைத் தவிர்த்துவிடுங்கள், அல்லது துளையை மூடுங்கள். தேவைப்பட்டால் ஹியூமிடிஃபையர் வையுங்கள். துணி துவைக்கும் அறை வேண்டாம், டிரையரின் சூடும் ஈரமும் மாறிமாறி வரும். சமையலறைப் பக்கமும் வேண்டாம்.

இடம் எதுவானாலும் இருட்டாக இருக்கட்டும். காற்று நகர வேண்டும், ஆனால் பூவின் மேல் நேராக அடிக்கக் கூடாது. சின்ன ஃபேனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால் சரியாக இருக்கும். பக்கத்து வீட்டாருக்கு வாசனை போகாமலிருக்க வெளியேறும் காற்றைக் கார்பன் ஃபில்டர் வழியாக விடுவது நல்லது.

தொங்கவிடுவதற்கு முன்பு ஒவ்வொரு கொத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். மழையில் நின்ற செடியில், கொழுத்த கொத்தின் நடுவிலிருந்து ஒரே ஒரு சின்ன இலை மட்டும் பழுப்பாகி நீட்டிக்கொண்டிருக்கும். மெல்ல இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வரும். அந்த இடத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே தண்டு பழுப்பாக, சாம்பல் நிறப் பஞ்சு படர்ந்திருக்கும். இது பாட்ரைடிஸ் என்ற பூஞ்சை. ஸ்ட்ராபெரியையும் திராட்சையையும் அழுக வைப்பதும் இதுதான். அந்தக் கொத்தை வெட்டிப் பையில் போட்டுக் குப்பைக்கு அனுப்புங்கள், கத்தரிக்கோலையும் ஆல்கஹால் போட்டுத் துடையுங்கள். கெட்ட பாதியை எறிந்துவிட்டு நல்ல பாதியைக் காப்பாற்றலாம் என்று பார்க்காதீர்கள். இலையின் மேல் மாவு தூவியது போல வெள்ளையாக இருந்தால் சாம்பல் நோயா, மணமும் போதைப் பொருளும் தங்கியிருக்கும் பிசின் சுரப்பிகளா என்ற சந்தேகம் வரும். ஒரு லென்ஸ் எடுத்துப் பாருங்கள்: சுரப்பிகள் காளான் போலத் தலையும் காலுமாக, கண்ணாடி மாதிரி மின்னும். சாம்பல் நோய்க்கு மினுக்கம் கிடையாது, நூல் நூலாகப் படர்ந்திருக்கும்.

இலைகளை எப்போது கத்தரிப்பது என்பதில் இரண்டு கட்சி. ஈரமாக இருக்கும்போதே எல்லா இலைகளையும் வெட்டினால் வேலை சுலபம், காய்வதும் வேகம். பெரிய இலைகளை மட்டும் எடுத்துவிட்டு, சின்ன இலைகளை விட்டுக் கிளையோடு தொங்கவிட்டால் அந்த இலைகள் சுருண்டு பூவை மூடிக்கொண்டு ஈரம் மெல்ல வெளியேறும். காய்ந்த பிறகு வெட்டுவது கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும். என் கட்சி: வீட்டுக் காற்று வறண்டிருந்தால் இரண்டாவது முறை, ஈரம் அதிகமானால் முதல் முறை. கிளைகளை ஒன்றோடொன்று உரசாமல், இடையில் கை நுழையும் அளவுக்கு இடம் விட்டுத் தொங்கவிடுங்கள்.

காய வைப்பதில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வழி இருந்திருக்கிறது. 1893–94ல் பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்தியக் கஞ்சா விசாரணைக் குழுவின் அறிக்கையில், இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் நவ்காவ் பகுதியின் முறைகள் விரிவாக வருகின்றன. வெட்டிய செடியை வாடவிட்டு, காலால் மிதித்துத் தட்டையாக்குவது ஒரு வகை. உருட்டி உருண்டையாக்குவது இன்னொரு வகை. மூட்டை கட்டித் தூரம் அனுப்ப அது தோதாக இருந்தது. நாம் இப்போது செய்வது சுரப்பிகளை உடைக்காமல் காப்பாற்றும் முறை. அதனால் பூவைக் கையால் அமுக்கிப் பார்ப்பதைக்கூடக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

தொங்கவிட்டது காய்ந்ததா என்று பார்க்கச் சின்னக் கிளையொன்றை வளைத்துப் பாருங்கள். வளைந்துகொடுத்தால் இன்னும் ஈரம். 'டக்' என்று முறிந்தால் தயார். முறியும்போது தோல் மட்டும் நாராகத் தொங்குவது பரவாயில்லை. தடித்த நடுத்தண்டு அப்போதும் வளையும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

முறிந்ததா? இனிதான் பக்குவப்படுத்தல் தொடங்குகிறது. கிளையிலிருந்து பூக்களைக் கழற்றி, வாய் அகன்ற கண்ணாடி ஜாடியில் முக்கால் பாகம் நிரப்புங்கள். அமுக்கி நிரப்பக் கூடாது. ஊறுகாய் போடப் பயன்படும் மேசன் ஜாடிகளே சரியானவை. உள்ளே ஹைக்ரோமீட்டர் ஒன்றைப் போட்டு மூடி, ஒரு நாள் இருட்டில் வையுங்கள். அடுத்த நாள் காட்டும் எண்தான் உண்மை.

70க்கு மேல் காட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பரப்பிவிடுங்கள்; மறுபடியும் அரை நாளோ ஒரு நாளோ காய வேண்டும். 65க்கும் 70க்கும் இடையில் என்றால் மூடியைச் சில மணி நேரம் திறந்து வைத்தால் போதும். 58 முதல் 62க்குள் இருந்தால் அருமை. 50க்குக் கீழே போயிருந்தால் இருவழி ஈரப்பொதி என்ற சின்னப் பை கிடைக்கிறது. போவெடா என்ற பெயரில் பலருக்குத் தெரியும். 58 அல்லது 62 என்று எழுதிய பையை உள்ளே போட்டால் இழந்த ஈரம் ஓரளவு திரும்பும். பறந்துபோன மணம் திரும்பாது. ஆரஞ்சுத் தோலையோ ரொட்டித் துண்டையோ உள்ளே போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது பூசணத்துக்கு விருந்து வைப்பது, செய்யாதீர்கள்.

மூடிய ஜாடிக்குள் நடப்பது என்ன? பூவின் நடுவில் இருக்கும் ஈரம் ஓரத்துக்கு நகர்கிறது. பெரிய பூவின் ஈரம் பக்கத்தில் இருக்கும் சின்னப் பூவுக்குப் போகிறது. காலையில் மொறுமொறுவென்று இருந்தவை மாலையில் தொட்டால் மெத்தென்று இருக்கும். அதனால்தான் முதல் வாரம் தினமும் ஒரு முறை மூடியைத் திறந்து, பத்துப் பதினைந்து நிமிடம் காற்றாட விட்டு, ஜாடியை மெல்லச் சாய்த்து உருட்டிப் பூக்களை இடம் மாற்ற வேண்டும். சேர்ந்த ஈரம் வெளியேறும், புதுக் காற்று உள்ளே போகும். இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை போதும். எண் 60க்குப் பக்கத்தில் நிலையாக நின்றுவிட்டால் வாரம் ஒரு முறை. மூன்று நான்கு வாரத்தில் பச்சை வாசம் அடங்கி, அந்த ரகத்துக்கே உரிய மணம் மேலே வரும். சிலர் இரண்டு மாதம் வரை விடுவார்கள்.

திறக்கும்போது மூக்கைக் கிட்டே வையுங்கள். அம்மோனியா வாடை, அதாவது கழுவாத கழிப்பறை வாடை, லேசாக அடித்தாலும் உள்ளே காற்றில்லாத இடத்தில் பாக்டீரியா வேலை செய்கிறது என்று பொருள். எல்லாவற்றையும் கொட்டிப் பரப்பி, ஒவ்வொரு பூவாகப் பிளந்து பாருங்கள். பூசணம் கண்ணில் பட்ட ஜாடியைக் குப்பையில் போட மனம் வராதுதான். ஆனால் ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் நோயெதிர்ப்பு குறைந்தவர்களின் நுரையீரலில் உயிருக்கே ஆபத்தான தொற்றை உண்டாக்கும். கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள் பூசணம் பிடித்த கஞ்சாவைப் புகைத்து அப்படிப் பாதிக்கப்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. மருந்துக்காகவே வீட்டில் வளர்ப்பவர்கள் பலர் இந்த வகைக்குள் வருவார்கள் என்பதால் சொல்கிறேன்: சந்தேகம் வந்தால் எறிந்துவிடுங்கள்.

எல்லாம் அந்த மீட்டரின் எண்ணை நம்பி நடக்கிறது என்பதால் மீட்டரையும் சோதிக்க வேண்டும். மலிவான மீட்டர் ஐந்து புள்ளி தவறிக் காட்டுவது சகஜம். 60 என்று காட்டும்போது உண்மையில் 65 இருக்கலாம். சோதிப்பது எளிது. ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில துளி தண்ணீர் விடுங்கள். கரைந்துவிடக் கூடாது, நனைந்திருக்க வேண்டும். அந்த மூடியையும் மீட்டரையும் ஜிப் பைக்குள் வைத்து, காற்றுப் புகாமல் மூடி இரவு முழுக்க விடுங்கள். ஈர உப்புக்கு மேலுள்ள காற்று அறை வெப்பத்தில் 75 சதவீதத்தில் போய் நிற்கும். இது இயற்பியல், பிராண்டைப் பொறுத்ததல்ல. காலையில் மீட்டர் 71 காட்டினால் எப்போதும் நான்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

பக்குவமான பூவுக்கு இனிமேல் எதிரிகள் வெளிச்சம், சூடு, காற்று. 1976ல் லண்டனில் செய்த சேமிப்பு ஆய்வு ஒன்று, இவற்றில் வெளிச்சம்தான் அதிகம் கெடுக்கிறது என்று கண்டது. அறை வெப்பத்தில் இருட்டில் வைத்தவை ஒன்றிரண்டு ஆண்டு ஓரளவு நிலையாக இருந்தன. காற்றிலுள்ள ஆக்சிஜன், போதை தரும் பொருளான டிஎச்சியை மெல்ல சிபிஎன் என்ற வேறொரு பொருளாக மாற்றும், அதில் போதை மிகவும் குறைவு. அழகாக இருக்கிறதே என்று ஜன்னலோரத்தில் ஜாடியை அடுக்கி வைப்பது கூடவே கூடாது. ஃப்ரீசரும் வேண்டாம்: உறைந்த சுரப்பிகள் லேசாகத் தட்டினாலே உதிர்ந்து ஜாடியின் அடியில் பொடியாகக் கிடக்கும்.

ஜாடியின் மேல் ரகத்தின் பெயர், அடைத்த தேதி இரண்டையும் எழுதி ஒட்டுங்கள். குழந்தைகள், வளர்ப்பு நாய் பூனை உள்ள வீட்டில் பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள். ஊருக்குப் போகும்போது ஒரு துளிகூடப் பெட்டியில் இருக்கக் கூடாது. கனடாவுக்குள் சட்டப்படி வளர்த்ததே ஆனாலும், எல்லையைத் தாண்டிக் கொண்டுபோவது கனடாவின் சட்டப்படியே குற்றம். போய் இறங்கும் நாட்டின் சட்டம் அதற்கு மேல்.